டிஎஸ்எச் நார்மல், அறிகுறிகள் மட்டும் தைராய்டு மாதிரியே: அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

அந்திவானம்
அசதி, முடி கொட்டுவது, குளிர் தாங்காதது, மலச்சிக்கல், எடை ஏறுவது, மாதவிடாயில் அதிகப் போக்கு. ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 3.4, பக்கத்திலேயே "எல்லை 0.4 – 4.0" என்று அச்சடித்திருக்கிறது. "உங்களுக்குத் தைராய்டு இல்லை" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் அடுத்து என்ன கேட்க வேண்டும்? குறைந்த அளவு தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) போட்டுப் பார்ப்பது சரியா? ஆறுதல் வேண்டாம். எந்த டெஸ்ட், எந்த அளவு, ஏன் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சோதனைக்குழாய்
முதலில் அந்த ரிப்போர்ட்டில் என்ன அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் டிஎஸ்எச் ஒன்று மட்டும்தான் இருக்கும். சில லேப்களில் கூடவே மொத்த டி3, மொத்த டி4 (தைராய்டு சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள்). இந்த மொத்த அளவுகளால் பெரிய பயன் இல்லை. ஹார்மோனில் மிகப் பெரும்பகுதி ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ கர்ப்பமாக இருந்தாலோ அந்தப் புரதம் கூடும், மொத்த டி4-ம் கூடவே ஏறும், உடம்புக்குக் கிடைப்பது மாறியிருக்காது. வேண்டியது ஃப்ரீ டி4, அதாவது புரதத்தோடு ஒட்டாத பகுதி.

டிஎஸ்எச்சை முதலில் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. தைராய்டு சுரப்பி கொஞ்சம் தளர்ந்தாலும், மூளையடியில் இருந்து அதை ஏவும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டி உடனே கத்த ஆரம்பிக்கும். ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைகூட ஏறலாம். அதனால் பிட்யூட்டரி சரியாக வேலை செய்யும் ஒருவருக்கு டிஎஸ்எச் 3.4 என்றால், சுரப்பி பெரிதாகப் படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, காலையில் 3.4, அடுத்த முறை மாலையில் 2.3 என்று வந்தால் "குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள். டிஎஸ்எச் நள்ளிரவுக்குப் பின் உச்சம் தொட்டு பிற்பகலில் தாழும். நோயே இல்லாதவருக்கும் இரண்டு முறை எடுத்தால் 40 சதவீதம்வரை ஆடும். ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே லேப், ஒரே நேரம், காலை 8 – 9 மணி. காய்ச்சல், அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் படுத்தது என்று ஏதாவது இருந்திருந்தால், குணமாகி ஆறு வாரமாவது போகட்டும். நோயின்போது டிஎஸ்எச் தாழும், தேறும்போது எல்லையைத் தாண்டிக்கூட எகிறும்.

நாடித்துடிப்பு
மேலே சொன்னதில் முக்கியமான ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: "பிட்யூட்டரி சரியாக வேலை செய்யும் ஒருவருக்கு". அது செய்யாவிட்டால் டிஎஸ்எச் நம்மை ஏமாற்றும். பிட்யூட்டரியில் கட்டி, தலையில் பலத்த அடி, மூளைக்குக் கதிர்வீச்சு, பிரசவத்தில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு, புற்றுநோய்க்குத் தரும் சில இம்யூனோதெரபி மருந்துகள் (இபிலிமுமாப் அடிக்கடி பேசப்படுவது) எல்லாம் பிட்யூட்டரியைக் கெடுக்கலாம். அப்போது ஃப்ரீ டி4 தாழ்ந்திருக்கும், டிஎஸ்எச்சோ 1.8, 2.5 என்று அழகாக எல்லைக்குள் உட்கார்ந்திருக்கும். டிஎஸ்எச் மட்டும் எடுத்தால் இது பிடிபடவே படாது.

சந்தேகிக்க வைக்கும் விஷயங்கள்: மாதவிடாய் நின்றுபோவது, பிரசவத்துக்குப் பின் பாலே சுரக்காதது, குழந்தைக்குப் பால் கொடுக்காதபோதும் பால் கசிவது, ஆண்களுக்கு ஆசை குறைவது, தாடி வளர்ச்சி மந்தமாவது, பக்கவாட்டுப் பார்வை குறுகுவது, விடாத தலைவலி, எழுந்து நின்றால் மயக்கம். இதில் ஏதாவது இருந்தால் ஃப்ரீ டி4-உடன் காலை 8 மணி கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), புரோலாக்டின், எல்எச், எஃப்எஸ்எச் (பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்கள்) சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

கார்டிசாலை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கார்டிசால் குறைவாக இருக்கும் உடம்பில் தைராக்சினை ஆரம்பித்தால், இருக்கும் கொஞ்சநஞ்ச கார்டிசாலும் வேகமாகக் கரையும். வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று அவசரப் பிரிவில் போய் முடியலாம். முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்சின். யாரோ மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் "போட்டுப் பார்ப்பது" ஆபத்து என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இது அரிது. மேற்சொன்ன எதுவும் இல்லாத ஒருவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஃப்ரீ டி4 ஒரு முறை எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மருந்துச்சீட்டு
அரிதில்லாத ஏமாற்று ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதே இல்லை: பயோட்டின் என்ற வைட்டமின்.

முடி கொட்டுகிறது என்றதும் பலரும் முதலில் வாங்குவது முடி, நகத்துக்கான மாத்திரை. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவுதான். இந்த மாத்திரைகளில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பல லேப் கருவிகள் பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தோடு ஒட்டுவதை வைத்துத்தான் அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைவாகவும், ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். நிஜத்தில் 7 இருக்கும் டிஎஸ்எச் 3 என்று அச்சாகி வரலாம். நிஜத்தில் நார்மலாக இருப்பவருக்கு ஹைப்பர் தைராய்டு (ஹார்மோன் மிகைச் சுரப்பு) என்று வரலாம். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது.

ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிடுபவர்கள் ஒரு வாரம் விடுவது பாதுகாப்பு. மல்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள், அதிலும் ஒளிந்திருக்கும்.

எண்ணை மாற்றும் வேறு மருந்துகளும் உண்டு. ஸ்டீராய்டு டிஎஸ்எச்சை அமுக்கும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஃப்ரீ டி4-ஐத் தாழ்வாகக் காட்டும். லித்தியமும் அமியோடரோனும் சுரப்பியையே கெடுக்கக்கூடியவை, அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு முறை நார்மல் வந்தது போதாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்விக்குறி
எல்லாம் சரி சார். ஆனால் 4.0 என்ற எல்லையே தப்பு, 2.5-க்கு மேல் போனாலே சிகிச்சை வேண்டும் என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்களே? அறிகுறியும் இருக்கிறது, 3.4-ம் இருக்கிறது. 25 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

நாடித்துடிப்பு
2.5 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி உள்ளவர்கள், குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள் எல்லோரையும் வடிகட்டிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலோர் 2.5-க்குக் கீழேதான் இருக்கிறார்கள் என்று ஒரு வாதம் எழுந்தது. அது மக்கள்தொகை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதற்கு மேல் இருப்பவருக்கு மாத்திரை கொடுத்தால் அசதி போகும் என்று சொல்லவில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கும் 2.5 என்று 2011-இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொன்னது. 2017-இல் அதையும் தளர்த்திவிட்டார்கள்: அந்தந்த ஊரின் எல்லை தெரியாவிட்டால் 4.0 என்று. வயதானவர்களுக்கு எல்லை இயல்பாகவே மேலே நகரும், 80 வயதில் 6 என்பது பெரிய விஷயமில்லை.

"போட்டுப் பார்ப்பது" ஏற்கெனவே நடந்த சோதனைதான். 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அறிகுறி இருக்கிறது, ரத்தம் நார்மல். அப்படிப்பட்டவர்களுக்கு 12 வாரம் 100 மைக்ரோகிராம் தைராக்சின், 12 வாரம் வெற்று மாத்திரை, எது எப்போது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். ஆட்கள் குறைவு என்பது உண்மை. ஆனாலும் தைராக்சின் வெற்று மாத்திரையைவிட ஒரு பங்குகூட மேலாக இல்லை. வெற்று மாத்திரையிலேயே பலருக்குத் தேறியது என்பதைக் கவனிக்கவும். "எனக்கு 25 போட்டதும் சரியாகிவிட்டது" என்ற அனுபவங்களைப் படிக்கும்போது இதை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடி முழுகுமா என்றால், 25-இல் உடனே முழுகாது. ஆனால் 25 பலிக்காது, 50 ஆகும், 75 ஆகும். டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். அதைவிடப் பெரிய இழப்பு, உண்மையான காரணத்தைத் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள்.

கேள்விக்குறி
அப்படியானால் யாருக்குமே சோதனையாகக் கொடுக்கக் கூடாதா?

நாடித்துடிப்பு
டிஎஸ்எச் எல்லையைத் தாண்டி 10-க்குள் இருந்தால் அது வேறு கணக்கு. மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை அப்படி வந்து, வயது 65-க்குக் கீழே, அறிகுறியும் இருந்தால் ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் சொல்கிறது. டிஎஸ்எச் எல்லைக்குள் இறங்கிய பிறகும் அறிகுறி அசையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் தேதியை ஆரம்பிக்கும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க ஓடும். 65-க்கு மேற்பட்ட 737 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான டிரஸ்ட் ஆய்வில், லேசாக ஏறிய டிஎஸ்எச்சுக்கு மாத்திரை கொடுத்து அசதியில் எந்தப் பலனும் கிடைக்கவில்லை.

அந்திவானம்
டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டின் நொதியைத் தாக்குவது) பாசிட்டிவ், டிஎஸ்எச் நார்மல் என்றால்?

சோதனைக்குழாய்
சுரப்பியில் தன்னெதிர்ப்பு அழற்சி ஓடுகிறது, ஹார்மோன் இன்னும் குறையவில்லை என்று பொருள். பத்தில் ஒரு பெண்ணுக்காவது இது இருக்கும். இங்கிலாந்தின் விக்ஹாமில் 20 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், ஆன்டிபாடி மட்டும் உள்ள பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேர் ஹைப்போ (ஹார்மோன் குறைச் சுரப்பு) ஆனார்கள். டிஎஸ்எச்சும் ஏறியிருந்தால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் போதும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, கர்ப்பம் உறுதியானதும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடி எண்ணைத் திரும்பத் திரும்ப அளப்பது காசுக்குக் கேடு. 600 போய் 300 ஆனதால் சிகிச்சை எதுவும் மாறாது.

வெள்ளையணு
எல்லோரும் தைராய்டையே சுற்றுகிறீர்கள். முதல் பதிவில் "மாதவிடாயில் அதிகப் போக்கு" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை!

அசதி, முடி கொட்டுவது, குளிர், மூளை மந்தம். அப்படியே இரும்புச்சத்துக் குறைபாட்டின் பட்டியல் இது. ஹீமோகுளோபின் 12.3, "ரத்தம் நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். ஹீமோகுளோபின் இறங்குவது கடைசிக் கட்டம், அதற்கு மாதங்கள் முன்பே கிடங்கு காலியாகிவிடும். கிடங்கைக் காட்டுவது ஃபெரிட்டின். ஒரு மில்லிக்கு 15 நானோகிராமுக்குக் கீழே என்றால் காலி என்பது உறுதி. 30-க்குக் கீழே என்றால் அறிகுறி உள்ளவருக்குக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்ளலாம். பல லேப்களில் எல்லையே 10-இலோ 12-இலோ ஆரம்பிப்பதால் 14 என்பதற்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழாது. எண்ணைப் படியுங்கள், குறியைப் பார்க்காதீர்கள்.

ஒரு பொறி: அழற்சி, தொற்று, கல்லீரல் கொழுப்பு இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அப்போது 60, 80 என்று வந்தாலும் நம்பாமல் சிஆர்பி-யும் (அழற்சியைக் காட்டுவது) டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (இரும்பைச் சுமக்கும் ரத்தப் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) பார்க்க வேண்டும். சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம்.

இரும்பு மாத்திரையைத் தினம் மூன்று வேளை திணிப்பது பழைய பழக்கம். ஒரு வேளை சாப்பிட்டதும், இரும்பு உறிஞ்சலைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த 24 மணி நேரம் குடலின் கதவைப் பாதி சாத்திவிடும். தனிம இரும்பு (மாத்திரையின் உப்பை விட்டு இரும்பு மட்டும்) 60 மில்லிகிராம் அளவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே வேளை, வெறும் வயிற்றில். வயிற்று வலியும் மலச்சிக்கலும் குறையும். அட்டையில் "ஃபெரஸ் சல்ஃபேட் 200" என்று இருந்தால் அதில் தனிம இரும்பு சுமார் 65 தான், இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கிடங்கு நிரம்பும். முடிக்கு இன்னும் பொறுமை வேண்டும், நான்கைந்து மாதத்துக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். ரத்தம் எங்கே போகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். கருப்பைக் கட்டி, மூலம், குடல். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இரும்பு குறைந்தால் குடல் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

மருந்துச்சீட்டு
கூடவே பி12. 200 பிக்கோகிராமுக்குக் கீழே குறைபாடு, 200 – 300 சந்தேகப் பகுதி, அங்கே மெத்தில்மலோனிக் அமிலம் (பி12 குறைந்தால் ஏறுவது) பார்க்கலாம். நீண்ட நாள் மெட்ஃபார்மின், அசிடிட்டி மாத்திரை சாப்பிடுபவர்கள் கண்டிப்பாகப் பாருங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் ரத்தம் தேறிவிடும், நரம்பு பின்னால் கெட்டுக்கொண்டிருக்கும்.

மருந்துப் பட்டியலையும் ஒருமுறை சலித்துப் பாருங்கள். பீட்டா பிளாக்கர், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாமே அசதி தரும், சிலது எடையும் ஏற்றும்.

நாடித்துடிப்பு
வெள்ளையணு சொன்னதற்கு வழிமொழிகிறேன். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி (இரும்பு குறைந்தால் இது பொய்யாகக் கூடும், உண்ணாநிலைச் சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள்), சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரல், கால்சியம், வைட்டமின் டி. டிபிஓ பாசிட்டிவாக இருந்தால் சீலியாக் நோய்க்கு (கோதுமைப் புரதத்தால் குடல் கெடுவது) டிடிஜி ஐஜிஏ ஆன்டிபாடி, கூடவே மொத்த ஐஜிஏ. தன்னெதிர்ப்பு நோய்கள் கூட்டமாக வரும் வழக்கம் உள்ளவை. எடை குறைந்து, தோல் கறுத்து, உப்பின் மேல் ஆசை வந்தால் அது அட்ரீனல் பக்கம். காலை கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அவசரம்.

ரத்தத்தில் தெரியாத இரண்டு: தூக்கத்தில் மூச்சடைப்பும் மனச்சோர்வும். குறட்டை, எட்டு மணி நேரம் தூங்கியும் விடியும்போது அடித்துப்போட்ட மாதிரி உடம்பு, காலைத் தலைவலி என்றால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். 40-ஐ ஒட்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றங்களும் இதே வேஷத்தில் வரும்.

எடை பற்றி ஒரு வார்த்தை. உண்மையான ஹைப்போவே சராசரியாக 2 முதல் 5 கிலோதான் ஏற்றும், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். 15 கிலோ ஏறியிருந்தால் டிஎஸ்எச் 3.4-ஐக் குற்றம் சொல்ல முடியாது.

ஓட்டுச்செடி
ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிறவர்கள், டிஎஸ்எச் நார்மல், அசதி போகவில்லை. அவர்களுக்கும் இதே பட்டியல்தானா? டி3 கேட்கலாமா? ரிவர்ஸ் டி3 எடுத்தால் தெரியும் என்கிறார்களே?

மருந்துச்சீட்டு
அதே பட்டியல்தான், முதலில் சாப்பிடும் முறையைச் சரி பாருங்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காபிக்கும் சாப்பாட்டுக்கும் 30 – 60 நிமிடம் முன். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி. இரும்பு ஆரம்பித்தவுடன் டிஎஸ்எச் ஏறுவது சர்வசாதாரணம், காரணம் இரண்டையும் ஒன்றாக விழுங்குவது. டோஸ் மாற்றினால் 6 வாரத்துக்கு முன் ரத்தம் எடுக்காதீர்கள்: டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ரத்தம் கொடுக்கும் காலையில் மாத்திரையைப் பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரீ டி4 உயர்ந்து காட்டும்.

நாடித்துடிப்பு
சிகிச்சையில் இருப்பவர்களில் 5 – 10 சதவீதம் பேருக்கு எண் சரியானாலும் அறிகுறி தங்கும். மற்றதெல்லாம் பார்த்த பிறகு, நாளமில்லாச் சுரப்பி நிபுணர் மேற்பார்வையில் டி4-உடன் கொஞ்சம் டி3 சேர்த்து மூன்று மாதம் பார்ப்பது ஒரு வழி. ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் விகிதம் டி4 13 – 20 பங்குக்கு டி3 1 பங்கு. விலங்குச் சுரப்பியிலிருந்து எடுக்கும் மாத்திரையில் விகிதம் சுமார் 4:1, மனிதச் சுரப்பி தருவதைவிட டி3 மிக அதிகம். கர்ப்பத்தில் டி3 கூடாது.

ரிவர்ஸ் டி3 (டி4-இலிருந்து வரும் செயலற்ற வடிவம்) எந்த நோயில் படுத்தாலும் ஏறும், எதையும் தீர்மானிக்காது. அக்குளில் வெப்பமானி வைத்துத் தைராய்டு கண்டுபிடிப்பதும் அதே ரகம்.

சோதனைக்குழாய்
அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை ஆட்களுக்கும் ஒரு வரி: ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஆன்டிபாடி உள்ள சுரப்பியில் அயோடினை அள்ளிக் கொட்டினால் அதுவே ஹைப்போவை வரவழைக்கும். செலினியம் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டினால் நகம் உடையும், முடி கொட்டும். எதற்காகச் சாப்பிட ஆரம்பித்தார்களோ அதே! "தைராய்டு சப்போர்ட்" என்று விற்கும் சிலவற்றில் நிஜ ஹார்மோனே கலந்திருந்தது ஆய்வில் பிடிபட்டிருக்கிறது.

வெள்ளையணு
விடுபட்ட ஒன்று. கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், மூன்று வாரம் தாண்டிய குரல் கரகரப்பு இருந்தால் டிஎஸ்எச் நார்மல் என்பது எந்தச் சமாதானமும் இல்லை. தைராய்டுப் புற்றுநோயில் பெரும்பாலும் ஹார்மோன் நார்மலாகத்தான் இருக்கும். அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

ஓட்டுச்செடி
இத்தனையையும் ஐந்து நிமிடச் சந்திப்பில் எப்படிக் கேட்பது? "கூகுள் பார்த்து வந்தீர்களா" என்று எரிந்து விழுகிறார்கள்.

நாடித்துடிப்பு
"எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே மல்லுக்கட்டாகும். "ஆறு மாதமாக இந்த மூன்று தொந்தரவு, அன்றாட வேலையில் இது இது முடியவில்லை, வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்று கேளுங்கள். அரைப் பக்கத் தாளில் அறிகுறி தொடங்கிய மாதம், எடை மாற்றம் கிலோவில், மாதவிடாய் நாட்கள், எல்லா மாத்திரையும் டோஸோடு (முடி மாத்திரை உட்பட), குடும்பத்தில் தைராய்டு அல்லது தன்னெதிர்ப்பு நோய், பழைய ரிப்போர்ட்களின் எண்கள் தேதியோடு. மூன்று பழைய டிஎஸ்எச் எண்கள் 1.1, 1.3, 3.4 என்று வரிசையாக நின்றால், தனித்து நிற்கும் 3.4-ஐவிட அது மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கும்.

ஒரே தடவையில் எல்லா டெஸ்டும் வேண்டாம். முதல் சுற்று: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, சர்க்கரை, கிரியேட்டினின், கால்சியம், டிஎஸ்எச் மறுபடி, ஃப்ரீ டி4, டிபிஓ. இருபது டெஸ்ட் எடுத்தால் நோயே இல்லாமலும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டும், பிறகு அதைத் துரத்த வேண்டியிருக்கும்.

அந்திவானம்
முதல் சுற்று முடிவு இப்படி வந்தால் எப்படிப் படிப்பது: டிஎஸ்எச் 2.9, ஃப்ரீ டி4 1.1 (எல்லை 0.8 – 1.8), டிபிஓ நெகட்டிவ், ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 9, பி12 340?

வெள்ளையணு
தைராய்டைக் கீழே வைத்துவிட்டு இரும்பை எடுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் போக்கின் காரணத்துக்கு அல்ட்ராசவுண்ட், இன்னொரு பக்கம் இரும்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள். 4 வாரத்தில் ஹீமோகுளோபின், 3 மாதத்தில் ஃபெரிட்டின். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஃபெரிட்டின் நகரவில்லை என்றால் டிடிஜி ஐஜிஏ, எச் பைலோரி (இரைப்பைக் கிருமி) பார்த்துவிட்டு ஊசி வழி இரும்பைப் பற்றிப் பேசலாம்.

சோதனைக்குழாய்
அந்த 3 மாத ரத்தத்திலேயே டிஎஸ்எச்சையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தைராய்டு ஹார்மோன் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு தேவை, கிடங்கு நிரம்பியதும் அந்த 2.9 கொஞ்சம் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ரத்தம் எடுக்கும் முன் முடி மாத்திரையை நிறுத்த மறக்காதீர்கள்.